அறுபது கட்டில்களும் ஒரு படிவமும்

இன்சூரன்ஸ் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவில் அவளுக்குப் பதினாறு வருட சர்வீஸ். நசுங்கிய கார்களும் தண்ணீர் புகுந்த கடைகளும் காகிதமாகி அவள் மேசைக்கு வரும். எது உண்மை, எது கதை என்று பிரித்து, கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். பிரிவில் இருந்த முப்பத்தொரு பேரில் அதிக ஃபைல்களை முடிப்பவள் அவள்தான். ஆனாலும் மாதக் கடைசி வந்தால் வீட்டில் செலவு கையைக் கடிக்கும். கணவன் மருந்துக்கடையில் வேலை பார்த்தான். மகளைக் கல்லூரியில் சேர்த்த பிறகு இரண்டு சம்பளமும் வந்த சுவடு தெரியாமல் போயின.

இரண்டாவது வேலை அவளைத் தேடி வந்தது மகளின் படிப்பு மேசையால்தான். பெட்டியில் துண்டு துண்டாக வந்த மேசை அது. கணவன் ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினான். மத்தியானம் பார்த்தால் மூன்று கால்தான் நின்றது, நான்காவது அவன் கையில் இருந்தது.

"கம்பெனிக்காரன் ஒரு ஓட்டை போட மறந்துட்டான்" என்றான்.

அவள் அந்தப் படத்தாளை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு அது ஒரு ஃபைல் மாதிரிதான் தெரிந்தது. எது முதலில், எது அடுத்து, எந்த இடத்தில் ஆள் ஏமாறுவான், எல்லாம் அதிலேயே இருந்தது. நாற்பது நிமிடத்தில் மேசை நிமிர்ந்து நின்றது. சுத்தியல் சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரம்மா இறங்கி வந்தாள். அவள் வீட்டில் ஒரு புத்தக அலமாரி மூன்று மாதமாகப் பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்ததாம். அதையும் முடித்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அந்த அம்மாள் ஒரு கவரைக் கையில் திணித்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீசில் இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தால் வருகிற தொகை.

அதன் பிறகு வாய்வழியாகவே செய்தி பரவியது. சனிக்கிழமை இரண்டு வீடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு. நல்ல ஸ்க்ரூடிரைவர் செட், ரப்பர் சுத்தியல், தரை சரிவைக் காட்டிக்கொடுக்கும் ரசமட்டம் என்று ஒவ்வொன்றாக வாங்கினாள். எட்டாவது மாதம், வார இறுதி வருமானம் சம்பளத்தில் பாதியை எட்டிப் பிடித்தது.

நாத்தனார் ஒருநாள் வந்தவள் கூடத்தில் கிடந்த கருவிப் பையைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, ஆபீசர் உத்தியோகம் போய் ஆசாரி உத்தியோகமா?" என்று சிரித்தாள்.

"ரெண்டும்தான். உங்க வீட்டு ஷூ ரேக் ஆடுதுன்னு சொன்னியே, சனிக்கிழமை வரட்டுமா? சொந்தக்காரங்களுக்குத் தள்ளுபடி கிடையாது."

நாத்தனார் உதட்டைச் சுழித்தாள். ஆனால் சனிக்கிழமை வரச் சொன்னாள்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. போனில் யாரோ ஒரு பெண் முகவரி கொடுத்திருந்தாள். இவள் போய் மணியடித்தாள். கதவைத் திறந்தது கமா சார்.

கமா சார் அவள் பிரிவின் மேலாளர். யார் எந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தாலும் ஒரு கமாவாவது சேர்க்காமல் அனுப்ப மாட்டார். அதனால் வந்த பெயர் அது. இரண்டாவது வேலை பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அந்த விதியின் காவலரே பனியனோடு எதிரில் நின்றார். பின்னால் பாதி பொருத்திய ஒரு அலமாரி, தரை முழுக்கப் பலகைகள்.

"நீங்களா?" என்றார்.

திரும்பி ஓடுவதா? ஓடினால் மட்டும் பார்த்த கண் பார்க்காததாகிவிடுமா? பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"நானேதான் சார். கதவைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "அப்பவே எனக்கு ஒரு சந்தேகம்" என்றார்.

இரண்டு மணி நேரத்தில் அலமாரி முடிந்தது. அதில் அடுக்கக் காத்திருந்தவை துணிமணிகள் அல்ல, கட்டுக் கட்டாகத் தாள்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் திருத்தங்கள். பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறார் என்பது பார்த்தவுடனே புரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் ரசமட்டத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை ஆபீசில் இருவரும் வழக்கம்போல ஃபைல்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வெளியில் வேறு வேலை பார்ப்பவர்கள் வேலையின் விவரம், வருமானம் இரண்டையும் ஒரு வாரத்துக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும், மறைத்தால் நடவடிக்கை. பக்கத்து மேசைத் தோழி காதோரம் குனிந்து, "யாரும் எழுதப் போறதில்ல. நீயும் பேசாம இருந்துடு" என்றாள்.

பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் அதே வாரம் ஒரு மகளிர் விடுதியின் மேட்ரன் கூப்பிட்டாள். புதுக் கட்டிடம், அறுபது கட்டில், பத்து அலமாரி. அடுத்த மாதம் தொடங்கி ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும், மற்ற நாட்களில் பெயின்ட் வேலை நடப்பதால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் கட்டிடம் கிடைக்கும். கிடைக்கிற பணம் அவளுடைய நான்கு மாதச் சம்பளம்.

"ஆறு வெள்ளிக்கிழமை காய்ச்சல்னு லீவு போடு" என்றாள் தோழி.

"வாராவாரம் வெள்ளிக்கிழமை மட்டும் வர்ற காய்ச்சலா? பதினாறு வருஷமா பொய் கிளெய்ம் பிடிச்சிட்டு, நானே ஒண்ணு போடவா?"

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். வாரத்துக்கு நாலு நாள் வேலை கேட்கப் போகிறேன், சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும், படிவத்தையும் எழுதித் தரப் போகிறேன். அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இருக்கிற வேலையும் போயிட்டா?"

"போனா, வாரம் ஏழு நாளும் இதைப் பார்ப்பேன். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேங்க, பட்டினி கிடக்க மாட்டோம்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. ஆனா ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்யறதுக்கு இது என்ன திருட்டா?"

அவன் தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு, "அறுபது கட்டிலுக்கு உன்னோட பழைய டிரில்லிங் மெஷின் தாங்காது. புதுசு வாங்கிடலாம்" என்றான்.

மறுநாள் காலை படிவத்தை நிரப்பினாள். வேலை: பிரித்த பாகங்களாக வரும் மரச்சாமான்களைப் பொருத்தித் தருதல். வருமானம்: உள்ளது உள்ளபடி. கூடவே நாலு நாள் வேலைக்கான விண்ணப்பத்தையும், தான் அந்த வருடம் முடித்த ஃபைல்களின் எண்ணிக்கையையும் இணைத்துக் கமா சாரின் மேசையில் வைத்தாள்.

அவர் படித்தார். பேனாவைத் திறந்து ஓரிடத்தில் ஒரு கமா போட்டார். "யோசிச்சுத்தான் கொடுக்கறீங்களா?"

"ஆமா சார்."

"நீங்கதான் முதல் ஆள்." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார். "ரெண்டாவது ஆள் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும். என் பேரை நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்ல வேண்டாம்."

மேலாளரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்ற செய்தி தேநீர் இடைவேளைக்குள் பிரிவு முழுக்கப் பரவியது. அதன் பிறகு அணை உடைந்த மாதிரிதான். வாசல் காவலாளி காலை வேளையில் இணையத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த காசாளர் வீடு வீடாகப் போய் நாய்களுக்கு முடி வெட்டுகிறார். தோழி கேக் செய்து விற்கிறாள், அதுவும் மூன்று வருடமாக! "என்கிட்டகூடச் சொல்லலையே, கழுத" என்று இவள் கோபித்துக்கொண்டாள். மொத்தம் பத்தொன்பது படிவம்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பணியாளர் அதிகாரி வந்து இறங்கினாள். கறாரான பெண். முதலில் இவளைத்தான் கூப்பிட்டாள்.

"ரெண்டு இடத்துல உழைச்சா எங்க வேலையில கவனம் குறையாதா?"

"குறைஞ்சிருந்தா அந்தத் தாள்ல தெரியும் மேடம். போன வருஷத்தைவிட இந்த வருஷம் எழுபது ஃபைல் கூட முடிச்சிருக்கேன்."

"சம்பளம் போதலைன்னு சொல்ல வர்றீங்களா?"

"போதலை. அது உண்மைதான். ஆனா நாளைக்கே சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் நான் இதை விட மாட்டேன். நான் பொருத்தின மேசையில யாரோ உட்கார்ந்து எழுதறாங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

அதிகாரி பத்தொன்பது படிவங்களையும் விரலால் ஓட்டினாள். பத்தொன்பது பேரை வெளியே அனுப்பினால் இழப்பீட்டுப் பிரிவுக்கே இழப்பீடு தர வேண்டியிருக்கும் என்பது அவளுக்கும் புரியாமல் இல்லை.

முடிவு வரப் பத்து நாள் ஆனது. கம்பெனியோடு போட்டி போடாத வேலை என்றால், அறிவித்துவிட்டுச் செய்யலாம். போட்டிக் கம்பெனியின் பாலிசிகளை ரகசியமாக விற்ற ஒருவருக்கு மட்டும் வேலை போனது. இவள் முதல் ஆளாக எழுதிக் கொடுத்த தைரியத்தில்தான் அவரும் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் வீட்டுக்கே போய்ப் பேசினாள். "நான் செஞ்சது தப்புன்னு எனக்கே தெரியும்மா. இனி முழுநேரமா அங்கயே போயிடறேன்" என்று அவர்தான் அவளைத் தேற்றி அனுப்பினார்.

அவளுடைய விண்ணப்பத்துக்கும் அனுமதி கிடைத்தது. திங்கள் முதல் வியாழன் வரை ஆபீஸ்.

முதல் வெள்ளிக்கிழமை பதினோரு கட்டில் முடித்தாள். இரண்டாவது வாரம் பதினாலு. மேட்ரன் ஒவ்வொரு கட்டிலிலும் தன் முழுக் கனத்தையும் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தாலும் புருவம் உயரும். மூன்றாவது வாரம் புருவம் உயரவே இல்லை. ஆறாவது வெள்ளிக்கிழமை கடைசி அலமாரியின் கடைசித் திருகாணியை இறுக்கினாள். அதற்குள் மாணவிகள் மூட்டை முடிச்சோடு வரத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி ஜன்னலோரக் கட்டிலில் தொப்பென்று விழுந்து, "இது என்னோடது" என்று கத்தினாள்.

"ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து இறுக்கித் தரேன். அதுக்குத் தனியாக் காசு வேண்டாம்" என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். தோள் வலித்தது. நல்ல வலி. உட்கார இடம் கிடைத்ததும் போன் அடித்தது. ஏதோ ஒரு பல் மருத்துவமனை, மூன்று மாடி, நாற்காலியிலிருந்து ஷெல்ஃப் வரை எல்லாமே பெட்டியில் கிடக்கிறதாம்.

"உங்ககிட்ட எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டது அந்தக் குரல்.

"இப்போதைக்கு நான் ஒருத்திதான்" என்றாள் அவள். "எந்த வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், சொல்லுங்க."