சைக்கிள்களுக்குப் பின்னால் வந்த மலை

புத்தளத்துப் பாலாவிச் சந்திக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட வெறுந்தரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மலையொன்று வந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் பேக்கரியில் பாண் விலை இறங்கியிருந்ததால் மத்தியானம் வரைக்கும் ஊர் அதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கவில்லை. பெரிய மலையென்று சொல்ல முடியாது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் களப்பு நீரும் மறுபக்கம் கடலும் தெரியும், அவ்வளவுதான். சரிவெல்லாம் தேயிலை வரிசை வரிசையாக நின்றது. ஒரு ஓரத்தில் சிலுவை வைத்த ஏழெட்டுக் கல்லறைகள் இருந்தன. வரும்போது தன் பனியையும் குளிரையும் கையோடு கொண்டு வந்திருந்தது. ஊரில் அவிழ்த்துவிட்டாற்போல் திரியும் கழுதைகள்தான் முதலில் ஏறின. கிராம சேவகர் வந்து பார்த்தார், தன் பிரிவில் மலை ஏதும் இல்லையென்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிவாசல் பாங்கு மலையில் மோதித் திரும்பி வந்து இரண்டாம் தரமும் கேட்கத் தொடங்கியது. நித்திரைக்காரர்களுக்கு அது வசதியாகப் போனது.

கழுதைகளுக்கு அடுத்ததாக ஏறியவள் நஸ்லியா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு வந்த சனங்கள் கிடுகுக் கொட்டில் போட்டிருந்த முகாமில் பிறந்தவள். வயது முப்பது தாண்டியும் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பாலர் பாடசாலையில் படிப்பித்தாள், விட்டாள். தையல் மெஷின் வாங்கினாள், விற்றாள். கலியாணம் முடித்த மாப்பிள்ளை றிஸ்மின் கட்டார் நாட்டில் லொறி ஓட்டினான். போனில் கோல் எடுக்கும்போதெல்லாம் அவன் முதலில் கேட்பது, “இப்ப எங்க நிக்கிறாய்?” என்பதுதான். வீட்டில் என்று ஒரு நாளும் பதில் கிடைத்ததில்லை. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அவள் ஒரு பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்து ஓடத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுச் சுல்பா சேர்ந்தாள், பிறகு சுல்பாவின் மதினிமார், பிறகு முகாமிலிருந்த பாதிப் பெண்கள். ஞாயிறு காலையில் அபாயாவை முடிந்து கட்டிக்கொண்டு, சிரித்துக் கதைத்தபடி ரோட்டு நீளத்துக்கும் போவார்கள். பொம்பளைகள் சைக்கிள் ஓடுவதா என்று கேட்கக்கூடிய ஆண்களெல்லாம் பெற்றோல் வரிசையில் நின்றதால் அந்தக் கேள்வி பலமாக எழும்பவில்லை.

சைக்கிள் ஓடப் போய்த்தான் அவள் ஊர் காட்டும் வேலைக்கு வந்தாள். கொழும்பிலிருந்து வருபவர்களைக் கற்பிட்டித் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய், ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம், கோட்டைச் சுவர், பழைய மையத்துப்பிட்டிக் கல்லறைகள் என்று சொல்லிக்கொண்டு போவாள். நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் பரம்பரை பரம்பரையாக உப்பு வயலும் தென்னந்தோப்பும் வைத்திருக்கும் முத்தலிபு ஹாஜியார் ஒரு நாள் கடை வாசலில் நின்று, “வந்த புள்ளைகள் நமக்கு நம்மட ஊரக் காட்டித் தருதுகள்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மீன் முள்ளைப் போல அது அவளுடைய தொண்டையில் தங்கிவிட்டது. அதனால்தான் மலை வந்ததும் அவள் ஓடிப்போய் ஏறினாள். அந்த மலையில் அவளுக்கு முந்தியவர் என்று யாரும் இல்லை.

அடுத்த ஒன்றரை வருடம் மலை அவளுடையதாகவே இருந்தது. சைக்கிளில் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கூட்டி வந்து, அடிவாரத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு, பனிக்குள்ளால் நடத்தி ஏற்றினாள். மலை வந்த காலையிலிருந்து நடந்ததெல்லாம் அவளுக்குச் சரித்திரம். எந்தக் கழுதை முதலில் ஏறியது, எந்தப் பாறையில் சுல்பா வழுக்கி விழுந்தாள், பட்டம் போல் துணி கட்டிக் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரன் எந்த மரத்தடியில் அழுதான், எல்லாம் சொல்வாள். முகாம் சனங்கள் சரிவில் லீக்ஸும் முட்டைக்கோவாவும் போட்டார்கள். புத்தளம் சந்தையில் கடல் காற்றுப் பட்ட கோவாவுக்குத் தனி விலை இருந்தது.

மலைக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சைக்கிளில் புறப்பட்டால் மலையும் எழும்பி, தாய்ப்பசுவுக்குப் பின்னால் போகும் கன்றைப் போல, கொஞ்சம் இடம் விட்டுப் பின்னால் வரும். திரும்பி வந்தால் தானும் வந்து பழைய இடத்தில் உட்காரும். ஒரு முறை அவர்கள் உடப்புத் திருவிழா பார்க்கப் போனார்கள். மலையைக் குறிவைத்துக் கரை பிடித்துப் பழகியிருந்த கற்பிட்டித் தோணிகள் எல்லாம் அன்றைக்கு உடப்பில் போய் ஏறின. உடப்புச் சனங்கள் அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சைக்கிள் எந்தப் பக்கம் போகிறதென்று சனிக்கிழமையே மீன் வாடித் தோணிக்காரர்களுக்கு அறிவித்துவிடுவது வழக்கமாயிற்று.

இரண்டாம் வருடம் ஆவணியில், தலவிலை அன்னம்மாள் கோயில் திருவிழா முடிந்த கையோடு, ஒரு மனுஷி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு சீலைப்பை. நஸ்லியா அந்த நேரம் ஒரு கூட்டத்தைக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இதெல்லாம் யாருடையதென்று ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மூன்றாவது கல்லறைக்கு முன்னால் குந்தி, அதன் மேல் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினாள்.

“யாரு நீங்க?” என்றாள் நஸ்லியா.

“அனஸ்தாசியாங்க. ஹட்டன் பக்கம். இது எங்கம்மா.” அவள் திரும்பவில்லை. “ஒரு நாள் காலையில மலைக்குப் போனேங்க. மலையக் காணல.”

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போவதைத்தான் மலைக்குப் போவதென்பார்கள். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போனவள், மலை நின்ற இடத்தில் வெறும் வெளிச்சம் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். தோட்டத்துத் துரை வேறு மலையில் வேலை கொடுத்தார். அவளும் போனாள். பஸ் ஸ்டாண்டுகளில் விசாரித்தாள். தலவிலைக்கு வந்து திரும்பிய சனங்கள்தான், “ஒன் மலை புத்தளத்துல நிக்குது, அதுல கழுத மேயுது” என்று கடைசியில் சொன்னார்கள்.

நஸ்லியா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்தாள். அனஸ்தாசியா பிளேன்டீயை மணந்து பார்த்தாள், குடித்தாள், பிறகு கேட்டாள்: “எப்பங்க அனுப்பி வைப்பீங்க?”

“நாங்க யாரும் கூப்பிடல்ல. அதுவா வந்திச்சு” என்றாள் நஸ்லியா. குரல் தன்பாட்டில் உயர்ந்தது. “சும்மா கிடந்த மலை. நாங்க யாரையும் தொரத்திட்டுப் புடிக்கல்ல.”

“தெரியுங்க. நீங்க நல்லவங்கதான். எங்கம்மா அங்க இருக்கு, அதான் கேட்டேன்.”

அவள் தலவிலை மடத்தில் தங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய உம்மா ஸுலைஹா வெளியே வந்து கோப்பையை எடுத்தாள். யுத்தம் முடிந்த பிறகு ஒரேயொரு தரம் அவள் மன்னாருக்குப் போய்த் தன்னுடைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவள். அங்கே குடியிருந்தவர்கள் நல்ல மனுஷர். சும்மா கிடந்த வீடு, யாரையும் துரத்தவில்லை என்றார்கள், அதுவும் உண்மைதான். அவளுடைய முற்றத்திலேயே கதிரை போட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். உம்மா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

“தேத்தண்ணி குடுத்தியா?” என்றாள் உம்மா.

“குடுத்தேன், பாத்தீங்கதானே.”

“எங்க வெச்சு?”

நஸ்லியா திரும்பினாள். முற்றத்தில் கிடந்த கதிரையைப் பார்த்தாள்.

அந்தக் கிழமை ஏழு நாளும் நஸ்லியா வீட்டில் தங்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் தனியே சைக்கிளை மிதித்தாள். எங்கே போனாலும் மலை பின்னால் வந்தது, நின்றால் நின்றது. ஊரும் இரண்டாகக் கதைத்தது. மலை நிழலில் உப்பு விளையவில்லை, போய்த் தொலையட்டும் என்றார் முத்தலிபு ஹாஜியார். கோவா போட்டவர்கள் விடமாட்டோம் என்றார்கள். சுல்பா முகத்துக்கு நேராகவே கேட்டாள்: “மல போனா நீ யாரு புள்ள? திரும்பக் கோட்டச் சுவரக் காட்டிட்டுப் பேச்சுக் கேக்கப் போறியா?” நஸ்லியா கேட்டுக்கொண்டே சைக்கிளுக்குக் காற்றடித்தாள். அடுத்த ஞாயிறு வழமையான நேரத்துக்கு வந்தவர்களிடம், “இன்டைக்குக் கொஞ்சம் தூரம் போவம், மாத்துடுப்பு எடுத்து வாங்க” என்றாள். முணுமுணுத்தாலும் எல்லாரும் எடுத்து வந்தார்கள். சுல்பாதான் கடைசியாக வந்தாள். கரியரில் ஒரு சாக்கு. கோவா முழுவதையும் பிடுங்கிக் கட்டியிருந்தாள்.

ஹட்டனுக்குத் திரும்ப மடத்திலிருந்து வந்த அனஸ்தாசியாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. நஸ்லியாவின் கரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். மலை பின்னால் வந்தது. ஆனமடுவையில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, வருவது வரட்டும், இடப்பக்கத்தால் வரச் சொல்லுங்கள் என்றார். அதற்குப் பிறகு மலை இடப்பக்கத்தாலேயே வந்தது. பஸ்காரர்கள் ஹோன் அடித்து முந்திப் போனார்கள். மழை மலைக்கு மேல் மட்டும் பெய்தபடி கூடவே வந்தது. வழியில் பள்ளிவாசல்களும் கோயில்களும் பௌத்தப் பன்சலைகளும் படுக்க இடம் கொடுத்தன. குருநாகலில் ஆனைக்கல் என்ற பெரும் பாறையைப் பார்த்ததும் மலை நின்றுவிட்டது. ஒரு மத்தியானம் முழுக்க அதற்குப் பக்கத்தில் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடுகண்ணாவை ஏற்றத்தில் பெண்களின் கால்கள் சோர்ந்து போயின. தரையிலேயே ஓடிப் பழகியவர்கள். இறங்கித் தள்ளினார்கள். மலையும் கடற்கரையில் இருந்து பழகிவிட்டதால் திணறித்தான் ஏறியது. இடையிடையே அதிலிருந்து கல் உருண்டது. திரும்பிப் போய்விடலாம் என்று முதலில் சொன்னவள் நஸ்லியாதான். “மலைக்கே ஏலாம இரிக்கு” என்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் மேலிருந்து குளிர்காற்று ஒன்று இறங்கியது. அனஸ்தாசியா தலையை நிமிர்த்தி அதை மோந்தாள். மலையும் அதை மோந்திருக்க வேண்டும். சைக்கிள்களை விலத்திக்கொண்டு முன்னால் போனது. அதற்குப் பிறகு வழியெல்லாம் மலை முன்னால், பெண்கள் பின்னால்.

தோட்டத்தில் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. மலை போன இடம் இப்போது வெளியாகக் கிடந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் அடித்தார்கள். மலை மறைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் லய வீடுகளில் ஒன்றரை வருடமாக வெயில் விழுந்திருந்தது. சுவரின் ஈரம் காய்ந்திருந்தது. இருமல்காரர்களுக்கு இருமல் நின்றிருந்தது. “எதுக்குடி கூட்டியாந்தே?” என்று பக்கத்து லயத்துக்காரி அனஸ்தாசியாவிடம் கேட்டாள். “மறுபடி இருட்டுல கெடக்கணுமா?” அனஸ்தாசியா மலையோரத்துக் கல்லறைகளைக் கையால் காட்டினாள். மலை வெளிக்கு வெளியே, தெரியாத வீட்டு வாசலில் நிற்கிற ஆளைப் போல, காத்துக்கொண்டு நின்றது.

நஸ்லியா வெளியையும் லயத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு தூரம் கொண்டு வந்து, இடமில்லையென்றால் எங்கே கொண்டு போவது? அவள் சைக்கிளில் ஏறி வெளியைச் சுற்றத் தொடங்கினாள். லயத்துப் பக்கமாக வளைக்காமல் தள்ளி, ஓடைப் பக்கமாக, ஒரு வட்டம், இன்னொரு வட்டம். மற்றவர்களும் விளங்கிக்கொண்டு சேர்ந்தார்கள். மலை மெதுவாக அவர்களுக்குப் பின்னால் நகர்ந்து, ஓடைக்கு அந்தப் பக்கமாக, பழைய இடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரம் விலகி உட்கார்ந்தது. லயத்தின் வெயில் லயத்தில் நின்றது. மலை முகம் மாறி உட்கார்ந்துவிட்டதால் காலைச் சரிவு மாலைச் சரிவாகிப் போனது. துரை வந்து பார்த்துவிட்டு, கொழுந்து எடுக்கும் நேரத்தை மாற்றச் சொன்னார்.

அனஸ்தாசியா கல்லறைக்குப் போய் வந்தாள். பிறகு நஸ்லியாவின் கையைப் பிடித்து லயத்துக்குள்ளே, அடுப்படி வரைக்கும் கூட்டிப்போய், பலகை போட்டு உட்கார வைத்தாள். நஸ்லியா உட்கார்ந்தாள். தேத்தண்ணி கொதித்து, வடித்து, ஆறும் வரைக்கும் எழும்பவில்லை. சுல்பா கோவாவை அரிந்து கொடுத்தாள். சுண்டி, ரொட்டியோடு எல்லாரும் சாப்பிட்டார்கள். கட்டாரிலிருந்து கோல் வந்தது.

“இப்ப எங்க நிக்கிறாய்?” என்றான் றிஸ்மின்.

“நிக்கல்ல. இருக்கிறன்” என்றாள்.

திரும்பும்போது அவர்கள் ஒரு தரமும் மிதிக்கவில்லை. மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே இறக்கம். தரையான குருநாகலும் ஆனமடுவையும் கூடச் சைக்கிளுக்கு இறக்கமாகவே இருந்தன. காலை மடித்து வைத்துக்கொண்டு, வழியில் வாங்கிய ரம்புட்டானைத் தின்றபடி பாலாவிச் சந்தி வரைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

“மலைய விட்டாச்சா?” என்று தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டார்.

“ஓம் நாநா.”

“அங்க ரம்புட்டான் என்ன விலை?”

அந்த இறக்கம் பிறகும் அப்படியே கிடந்தது. அடுத்த வருடத்திலிருந்து தலவிலைத் திருவிழாவுக்கு மலைநாட்டுச் சனங்கள் சைக்கிளில்தான் வருகிறார்கள். ஓடத் தெரிய வேண்டியதில்லை, ஏறி உட்கார்ந்தால் போதும். கிழவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் மூட்டை முடிச்சோடு, மிதியில் கால் படாமல் வந்து இறங்கி, திரும்பிப் போகும்போது சைக்கிளைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு போகிறார்கள். கட்டணம் ஒரு வழிக்குத்தான் என்று பஸ்காரர்களுக்குக் குறை. நஸ்லியா அவர்களைக் கற்பிட்டியெல்லாம் நடத்திக் காட்டுகிறாள். போன ஆவணியில் முதல் ஆளாக வந்து இறங்கியவள் அனஸ்தாசியா. மலை இருந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். வெறுந்தரையில், கழுதைகள் மேயும் இடத்தில், இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு வெயில் ஏறிவிட்டதென்று வீட்டுக்குள்ளே போனார்கள். உம்மா மீனைப் பொரித்து வைத்திருந்தாள்.