காதோரத்து இரண்டு முடி

தன் கிணற்றில் எந்தச் சாதியார் வேண்டுமானாலும் தண்ணீர் இறைக்கலாம் என்று கிருஷ்ணமணி சொன்னார். மறுநாளே ஊர் அவரை விலக்கி வைத்தது. வண்ணான் வரக்கூடாது; நாவிதர் சுடலையாண்டி அவர் முகத்தில் கத்தி வைக்கக்கூடாது. ஊர்க்கூட்டத்தில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் விலக்கு நீங்கும் என்றார் ஊர்த் தலைவர் நாராயணபெருமாள். பக்கத்து ஊர் நாவிதர்களுக்கும் ஆள் போயிற்று.

துணியை மனைவி பகவதி ஆற்றில் அடித்துத் துவைத்துவிட்டாள். ஒரு மாதத் தாடியை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்துக்காரர்கள் வருகிறார்கள். கிணற்று விஷயத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை. தாடியைக் கண்டால் துக்க வீடென்று வாசலோடு திரும்பிவிடுவார்கள். கத்தரித்தாலோ, அறுத்த வயல் மாதிரி தாள் நிற்கும்.

சனிக்கிழமை காலை, தேங்காய்ப்பட்டணத்து நண்பர் மைதீன் கனி கொழும்பில் வாங்கிய சின்னத் தகரப் பெட்டியோடு வந்தார். நெஞ்சுவரை தாடி வளர்த்தவர் ரேசர் கொண்டுவந்ததில் பகவதிக்கு ஒரே சிரிப்பு.

வெற்றிலையைவிட மெல்லிய பிளேடு. அதைக் காவல் காக்கச் சீப்புப் பல்லாய் ஒரு தகடு. கிருஷ்ணமணி தாடியை நறுக்கி, சோப்பைக் குழைத்துப் பூசி, ரேசரின் தலையைக் கன்னத்தில் அப்படியே வைத்து அமுக்கி இழுத்தார். நுரைதான் வந்தது. இது வெள்ளைக்கார முடிக்குத்தான் லாயக்கு என்று கீழே வைக்கப் போனார்.

"கத்திய அமுக்கினா மீன் செதிள் வருமா?" என்றாள் பகவதி. "பிடியச் சரிச்சு, சும்மா ஓட விடுங்க."

சரித்தார். சர்ரென்று ஒரு பாதை விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கூர்மையைக் கூண்டுக்குள் அடைத்துவைத்த புண்ணியவான் எவனோ என்று வியந்து வியந்து கன்னத்தைத் தடவினார்.

ஞாயிறன்று சம்பந்தம் பேசி முடிந்தது. வந்தவர்கள் வண்டியேறியதும் நாராயணபெருமாள் சுடலையாண்டியை இழுத்துவந்து, கட்டுப்பாட்டை மீறி வழித்தவன் நீதானே என்று கிருஷ்ணமணியின் வாசலில் வைத்தே அதட்டினார்.

சுடலையாண்டி அருகில் வந்தார். கிருஷ்ணமணியின் தாடையைப் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, காதோரம் ரெண்டு முடி நிக்கி. நம்ம கையின்னா நிக்குமா?" என்றார் தலைவரிடம். பிறகு கன்னத்தில் விரலை ஓட்டி, கிருஷ்ணமணியிடம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு கீறல் இல்ல பாத்தீரா? வேய், அந்தச் சாமானத்த ஒருக்கா காட்டும்."