இருநூறு ஒற்றை மெத்தைகள்

முதல் குதிரை ஜட்காவின் கூரைமேல் ஒரு படுக்கைச் சுருள் இருந்தது. தன் மெத்தைக் கடைவாசலில் நின்ற அக்பர் பாஷா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது ஜட்காவில் மூன்று சுருள்கள். பத்தாவது வண்டி தெருமுனையில் திரும்பியபோது அவர் தெருவில் இறங்கிச் சுருள்களை எண்ண ஆரம்பித்தார். வடக்கே இருந்து ரயிலில் வந்த ஆசிரியர்கள் ஒருவர் விடாமல் படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

1934 டிசம்பர். மைலாப்பூரில் நான்கு நாள் ஆசிரியர் மாநாடு. இருநூறு பேர் தங்க ஒரு பள்ளிக்கூடத்தைக் காலி செய்து வைத்திருந்தார்கள். வரவேற்புக் குழுச் செயலாளர் வக்கீல் திருவேங்கடாச்சாரி இரண்டு மாதம் முன்பே கடைக்கு வந்து, ஓராள் படுக்கும் மெத்தை இருநூறு கேட்டிருந்தார். விரித்த மெத்தைக்கு மட்டும் நாள் வாடகை என்று பேச்சு. தைக் கல்யாணங்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த இலவம்பஞ்சு அத்தனையும் அந்த மெத்தைகளுக்குள் போயிற்று. அகலம் இரண்டரை அடி. கல்யாண வீட்டுக்காரர் யார் அதை வாங்குவார்? மாப்பிள்ளை படுத்தால் பெண் தரையில்தான் படுக்கவேண்டும். வாடகைக் காசு இல்லாமல் மெத்தைகள் திரும்பி வந்தால் புதுப் பஞ்சு வாங்க வழியில்லை; தையில் தொழில் இல்லை, கடையும் இல்லை.

பாஷா பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் பேர்லதான் தப்பு, சாயபு. போன வருஷத்து அழைப்பிதழைப் பார்த்து எழுதச் சொன்னேன். படுக்கை கொண்டு வரவும்னு அதிலே ஒரு வரி இருந்திருக்கு. குமாஸ்தா அதையும் சேர்த்து எழுதிட்டான். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்போ நம்ம மெத்தை, சார்?"

"அவாவா படுக்கையிலே அவாவா படுத்துண்டா, கமிட்டிக்கு நான் என்ன சொல்றது?"

திரும்பி வரும் வழியெல்லாம் தெரு திருவிழா மாதிரி இருந்தது. காபி கிளப்பில் உட்கார இடமில்லை. ஜட்காக்காரர்கள் கூப்பிட்டாலும் நிற்கவில்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் கெங்கம்மா காலிக் கூடையோடு எதிரே வந்தாள்.

"இன்னா பாய், மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"அதுக்குள்ள வித்துப் போச்சா?"

"பெங்கால் வாத்தியாருங்க கீறாங்களே, கூடை மீனையும் வாங்கிக்கினாங்க. நாளைக்கு ஆத்து மீன் வோணுமாம். வடக்கத்தியான் மீன் துன்ன மாட்டான்னு சொன்னியே நீ."

ஊருக்கெல்லாம் பிழைப்பு வந்திருக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்று பாஷா நினைத்துக்கொண்டார். கெஞ்சியாவது பார்ப்போம் என்று பதினோரு மணிக்கு மாநாட்டுப் பந்தலுக்குப் போனார்.

அங்கே தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கேட்கத்தான் ஆள் குறைவு. போன வாரத்து மழையில் ஊறிய மணல்மேல் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஈரம் மேலே ஏறி வேட்டிகள் நனைய, பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வெயிலில் போய் நின்றார்கள். வக்கீல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வீட்டில் பாஷா இதைச் சொன்னதும், அவர் மனைவி ஜமீலுன்னிசா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"நம்ம வூட்ல மீலாது நபிக்கு நாலு பேர் வந்தா எங்க உக்கார வெக்கிறோம்?"

"மெத்தை போட்டு, மேல வெள்ளைத் துணி..." பாஷா பாதியில் நிறுத்தினார்.

"அப்புறம் இன்னா குந்திக்கினு கீறீங்க?"

பந்தலில் மெத்தை விரிக்கலாம் என்று பாஷா போய்ச் சொன்னபோது வக்கீலுக்கு அதிலும் சந்தேகம். "மெத்தை போட்டா தூங்கிடுவா, சாயபு."

"வெளிய போய் நிக்கறதுக்கு, உள்ளயே தூங்கிக்கினு கேக்கட்டுமே, சார்."

"முன்வரிசைக்கு மட்டும் போடும். யாராவது முகம் சுளிச்சா அன்னிக்கே எடுத்துடணும்."

மத்தியானம் பிரதிநிதிகள் கடற்கரை பார்க்கப் போனார்கள். அந்த நேரத்துக்குள் மணலில் வைக்கோலும் பாயும் பரப்பி ஐம்பது மெத்தைகளை வரிசையாகப் போட்டார்கள். ஒற்றை மெத்தைகள் ஒன்றோடொன்று நிற்காமல் விலகின. ஜமீலுன்னிசா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கோணி ஊசியால் ஓரங்களைச் சேர்த்து நீட்டுத் தையல் போட்டாள். மேலே வெள்ளைத் துணி, சாய்ந்துகொள்ளத் திண்டுகள்.

நாலு மணிக்குக் கூட்டம் வந்தது. பாஷா பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெத்தையைப் பார்த்ததும் முதலில் வந்தவர்கள் தயங்கினார்கள். தொப்பையும் தொப்பியுமாக ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். காலை நீட்டினார். திண்டில் சாய்ந்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

வக்கீல் திரும்பிப் பாஷாவை ஒரு பார்வை பார்த்தார். பாஷா பந்தல் காலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

ஆனால் மற்றவர்கள் எழவில்லை. தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். அதற்குப்பின் ஒருவர் அரை மணி. முன்வரிசை அசையவே இல்லை. ஈர ஜமுக்காளத்தில் இருந்த பின்வரிசைதான் முணுமுணுத்தது. கடைசியில் அவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்து வக்கீலின் காதில் ஏதோ கடுகடுவென்று சொன்னார்கள்.

வக்கீல் வேகமாகப் பாஷாவிடம் வந்தார். போச்சு என்று நினைத்துக்கொண்டார் பாஷா.

"பாக்கி எத்தனை இருக்கு, சாயபு?"

"நூத்தம்பது, சார்."

"அத்தனையும் காலம்பற விரிச்சாகணும். முன்னாடி இருக்கறவா மட்டும் ஒசத்தியான்னு சண்டைக்கு வரா. மாநாடு முடியற வரைக்கும் வாடகைக்கு இருக்கட்டும்."

பாஷா அப்போதுதான் பந்தல் காலை விட்டார். பாக்கி மெத்தைகளுக்கு வண்டி பேச வாசலுக்கு விரைந்தார்.

வாசலில் கெங்கம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"பாய், எல்லாம் மீன் துன்னுட்டு வந்து உன் மெத்தைல சாயறானுங்க. அப்பால நாத்தம்னு சொல்லிக்கினு எங்கிட்ட வராத."

பாஷா திடுக்கிட்டுப் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைத் துணிக்கு நாளைக்கு மாற்று வேண்டும்.