பெரிய வியாழனுக்குப் பொறுக்கிய பாதங்கள்

உபதேசியார் ஜெபக்குமாருக்கு ராஜபாளையம் சேகரத்துச் சபைகளில், குருவானவருக்குக் கீழே பதினேழு வருஷ ஊழியம். தானும் குருவானவராகக் குருப்பட்டம் கேட்டு மூன்று தடவை எழுதிப்போட்டார். மூன்று தடவையும் சேகரச் செயலர் பென்சன், "தாழ்மையா இருங்க உபதேசியாரே, ஆண்டவர் உயர்த்துவாரு" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். அந்தக் கை பட்ட சட்டையைக் கழற்றி எறியலாம் போலிருக்கும் ஜெபக்குமாருக்கு.

அந்த வருஷம் பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீஷர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு பேருடைய காலைக் குருவானவர் கழுவுவதென்று முடிவானது. ஆள் சேர்க்கும் வேலை ஜெபக்குமாருக்கு. அவர் வன்னியம்பட்டி வெள்ளைத்தாயிடமும் சொல்லிவைத்தார். முள் குத்திய அவள் கால், சர்க்கரை வியாதியால் மூன்று மாசமாக ஆறாமல் கிடந்தது. நூறு நாள் வேலைக்குக்கூட அவளால் போக முடியவில்லை.

"என் காலையா? பாஸ்டரையாவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பழைய சேலைத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ஆராதனைக்கு முன்னால் பென்சன் ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்த கால்கள். வெள்ளைத்தாயிடம் வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"என்ன உபதேசியாரே இது? லைவ் போகப்போகுது. பாஸ்டரையா கிண்ணத்துலயே வாந்தி எடுத்துருவாரு. மொதல்ல வெளிய கூட்டிட்டுப் போங்க."

அவள் நாற்காலியில் பென்சனின் மச்சான் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றியதும் பவுடர் வாசம் வந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ரோஜா இதழ்கள் மிதந்தன. அதை அப்படியே பென்சன் தலையில் கவிழ்க்கத்தான் ஜெபக்குமாருக்குக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரு ஆட்டோவைப் பிடித்து அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் பென்சனை மனசுக்குள் திட்டித் தீர்த்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியைப் பிரித்தாள். சீழோடு ஒட்டியிருந்த துணி சதையையும் இழுத்துக்கொண்டு வந்தது. குழிக்குள் வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன.

"சார், காலைச் செத்த நேரம் பிடிச்சுக்கோங்க" என்றாள் நர்ஸ்.

பிடித்தார். அடுத்த நொடி வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். திரும்பி வந்தவரைப் பார்த்து வெள்ளைத்தாய் பரிவாகச் சொன்னாள்:

"நீங்க வெளியவே நில்லுங்க ஐயா. வீட்டுக்கு ஜெபம் பண்ண வாறப்பவும் வாசல்லதான நிப்பீய. எனக்குத் தெரியாதா, நாத்தம் தாங்காதுன்னு."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. மூன்று மாசமாக வாசலில் நின்றே ஜெபித்துவிட்டு, ஒருநாள்கூட அந்தத் துணியைப் பிரித்துப் பார்க்காதவர் அவர். பெரிய வியாழனுக்கு அவளை அழைத்ததும் அவளுக்காகத்தானா? குருவானவர் முகம் சுளிப்பதைச் சபையெல்லாம் பார்க்கட்டும் என்றல்லவா அழைத்தார்? பென்சன் மேல் இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி ஜெபக்குமார் மேலேயே கவிழ்ந்தது.

போய்க் காலைப் பிடித்தார். நர்ஸ் புழுக்களை எடுத்து முடிக்கும்வரை விடவில்லை.

அனுமதியில்லாமல் ஆராதனையை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டு பென்சன் கடிதம் அனுப்பினார். ஜெபக்குமார் முதலில் நான்கு பக்கம் எழுதினார். ஒவ்வொரு வரியிலும் விஷம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "சொல்லாமல் போனது தவறு, மன்னிக்கவும்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். குருப்பட்டப் பட்டியலில் அந்த வருஷமும் அவர் பெயர் வரவில்லை.

வெள்ளைத்தாய்க்கு இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். ஜெபக்குமார் தினமும் போய்க் கட்டு மாற்றினார். அந்த வாடை அவர் சோற்றிலும் வந்தது, வேதபுத்தகத்தைப் பிரித்தாலும் வந்தது. அன்பு பெருகி அருவருப்பு ஓடிவிடும் என்று காத்திருந்தார், ஓடவில்லை.

ஆடி மாசம் புண் ஓரளவு காய்ந்தது. "இனி வாரத்துக்கு ரெண்டு கட்டு போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ" என்றாள் வெள்ளைத்தாய். பிறகு தயங்கி, "அப்ப இனிமே வரமாட்டியளா ஐயா?" என்றாள்.

அவிழ்த்த கட்டுத்துணியை மூச்சைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் சுருட்டினார். "செவ்வாய்க்கிழமை வாரேன்" என்றார்.