பம்ப்காரர் இல்லாத நாள்

வருடக் கணக்கு முடிகிற நாளில் பம்ப்காரர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். வழக்கம்போல எழுந்து, பல் துலக்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போவார். தெருவில் நிற்பவர்கள் ஒரு சைக்கிள் தானாக வளைவில் திரும்புவதைப் பார்ப்பார்கள். மணி கேட்டால் ஒதுங்கிக்கொள்வார்கள். மறுநாள் விடிந்ததும் மீசை உட்படப் பழையபடி இருப்பார். காரணம் ஊரறிந்தது. ஆலையில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே ஒப்பந்தங்கள் வருடத்துக்கு ஒரு நாள் குறைவாக எழுதப்பட்டன. அந்த ஒரு நாள் அவர் ஆலையின் ஆள் இல்லை. அடுத்த நாள் புது ஒப்பந்தம், புது ஆள். இதற்குப் பிரேக் என்று பெயர். தொடர்ந்து வேலை பார்த்தேன், பணிக்கொடை கொடு என்று பிற்பாடு ஒருவரும் வந்து நிற்கக் கூடாது என்பதற்காகப் படித்தவர் யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. மற்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் அன்று வீட்டில், நன்றாகத் தெரிந்தபடி, படுத்துத் தூங்கினார்கள். பம்ப்காரரை மட்டும் விட முடியவில்லை. தண்ணீர் நின்றால் கொதிகலன் நிற்கும், கொதிகலன் நின்றால் ஆலை நிற்கும். அதனால் வராதே என்று காகிதத்தில் எழுதிவிட்டு, வந்துடுப்பா என்று வாயால் சொன்னார்கள். அவர் இரண்டுக்கும் கட்டுப்பட்டார்.

அவர் மனைவிக்குக் குழந்தை பிறக்கப்போவதும் அந்த நாளில்தான் என்று டாக்டர் சொன்னபோது, அவர் முந்தின நாளே மேனேஜரிடம் போய் லீவு கேட்டார்.

"நாளைக்கு நீ வேலையிலயே இல்லையேப்பா. இல்லாதவனுக்கு எப்படி லீவு குடுக்கிறது?"

"அப்ப வர வேண்டாமா சார்?"

"வராம? தண்ணி உங்க அப்பாவா வந்து விடுவாரு?"

தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தி, வால்வை மூடி, சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குழந்தையின் அப்பா யார் என்று கேட்ட நர்ஸுக்கு மனைவி காலியாக இருந்த வாசலைக் காட்டினாள். எத்தனையோ விதமான அப்பாக்களைப் பார்த்திருந்த நர்ஸ் குழந்தையை அந்தப் பக்கமாக நீட்டினாள். குழந்தை காற்றில் நின்றது. "தலையைப் பிடிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மனைவி மகளை பம்ப் அறைக்கு அழைத்துப்போனாள். அங்கே எண்ணெயும் ஈரத் துருவும் மணக்க, ஒரு ஆளின் தோள் உயரத்தில், காணாத ஒரு காதைப் பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருப்பாள். மற்ற பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போனால், இவங்க அப்பா ஏன் தெரியறாரு என்று கேட்பாள்.

கான்ட்ராக்டர்கள் மாறினார்கள். பம்ப் மாறவில்லை, பம்ப்காரரும் மாறவில்லை. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனாள். மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. பணிக்கொடை வரட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம் என்று தள்ளிப்போட்டாள். வயதாகிவிட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஆலையில் சொன்னார்கள். இந்த முறை காகிதமும் வாயும் ஒன்றையே சொல்லின. அவர் பணத்தைக் கேட்டார். உன் சர்வீஸ் ஒரு வருஷம்கூட முழுசா ஆகலையே என்றது அலுவலகம். "நான் இந்த கான்ட்ராக்டை எடுத்தே ரெண்டு வருஷம்தான், பெரியவரே. முந்தின ஆளைப் பாருங்க" என்றார் கான்ட்ராக்டர். முந்தின ஆள் இப்போது செருப்புக் கடை வைத்திருந்தார். அவர் ஒரு ஜோடி செருப்பைப் பாதி விலைக்குக் கொடுத்தார்.

பம்ப்காரர் தொழிலாளர் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார். கொடுத்த வாரமே மங்கத் தொடங்கினார். எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத ஆளுக்கு எல்லா நாளும் பிரேக்தானே. முதலில் வாரத்தில் ஒரு நாள் காணாமல் போனார், பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் தெரிந்தார். மனைவி கவனிக்கவில்லை. அழுதது மகள்தான்.

"அம்மா, அப்பா தெரியவே மாட்டேங்கறாரும்மா."

"எனக்கு எல்லாருமே அப்படித்தாண்டி இருக்காங்க" என்றாள் மனைவி. பிறகு கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து கையை விடவில்லை.

ஆலையின் வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். அவசரமில்லாத மனிதர். மனுதாரர் முழுதாக மறைந்துவிட்டால் மனுவும் மறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. கடைசி விசாரணைக்கு மனைவி ஒரு கையைக் காற்றில் கோத்தபடி வந்தாள். அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணி. அவர் அறை மூலையில் கைகழுவும் தொட்டியின் குழாய் வருடக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜரும் வந்திருந்தார்.

"மனுதாரர் ஆஜராகலை மேடம். தள்ளுபடி பண்ணிடலாம்" என்றார் வக்கீல்.

"இங்கதான் உக்காந்திருக்காரு" என்றாள் மனைவி.

"எங்கம்மா?"

"எனக்கும் சரியாத் தெரியல மேடம், கண்ணுல புரை. ஆனா கை சூடா இருக்கு."

வக்கீல் சிரித்தார். இதேதான் எங்கள் வாதமும் என்றார். பிரேக் நாளில் இவர் எங்கள் பதிவிலும் இல்லை, யார் கண்ணுக்கும் தெரிந்ததும் இல்லை. இல்லாதவர் வேலை பார்த்ததாக எப்படிச் சொல்வது? அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: அந்த நாட்களில் ஆலைக்குத் தண்ணீர் வந்ததா? வக்கீல் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். ஆலையைப் பற்றி யாரும் குறைவாக நினைப்பது அவருக்குப் பிடிக்காது.

"என் சர்வீஸ்ல தண்ணி ஒரு நாள் நின்னதில்ல மேடம். ஒரு நாள்!"

வக்கீல் அவர் காலை மிதித்தது எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது அறையில் ஏதோ குறைந்தது. என்னவென்று சற்று நேரம் யாருக்கும் விளங்கவில்லை. மனைவி மட்டும் காலியாகிவிட்ட தன் கையைப் பார்த்துவிட்டு மூலையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"வந்த இடத்துல சும்மா உக்கார மாட்டீங்களா?"

குழாய் சொட்டுவது நின்றிருந்தது. அதிகாரி எழுந்து போய்க் குழாயடியில் விரலை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து, மனுதாரர் ஆஜர் என்று எழுதினார். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேலைக்கு வராமல் இருப்பதாகாது, பிரேக் நாட்களும் பணிக்காலமே என்று உத்தரவு போட்டார்.

ஆலை மேல்முறையீடு செய்து தோற்றது. தவணை தவணையாகக் கொடுத்தது. பம்ப்காரரும் தவணையாகவே திரும்பினார்: முதல் காசோலைக்குப் பாதங்களும் வேட்டியும், அடுத்ததற்கு இடுப்புவரை. கொஞ்ச காலம் கழுத்தோடு நின்றார். ஆலையில் கையெழுத்துப் போடுகிறவர் வெளியூர் போயிருந்தார். வட்டி வந்தபோது மீசை வந்தது. மனைவிக்குக் கண் கட்டை அவிழ்த்த அன்று அவர் முழு ஆளாகக் கட்டிலருகே நின்றார். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு நரைச்சுப்போச்சா உங்களுக்கு? தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வருடக் கணக்கு முடிகிற நாள் மட்டும் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த நாளில் மகள் தன் குழந்தையோடு வருவாள். ஒரு வருடம், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் ஏணி கேட்டு வந்தபோது, வாசலில் அந்தக் குழந்தை தோள் உயரத்தில் காற்றில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது.

"தாத்தா இருக்காரு, விழாது" என்றாள் மனைவி, ஏணியை எடுத்துக் கொடுத்தபடி.

பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைப் பார்த்தாள், குழந்தைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க பெரியவரே" என்றாள்.

குழந்தை நிழலுக்கு நகர்ந்தது.