புத்தகத்தில் பட்டினி கிடந்தவன்

குமாசி நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த யாவ் டங்குவா நாற்பது வயதில் ஒரு நாவல் எழுதினான். தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன், அவனை எடுத்து வளர்க்கும் ஒருத்தி. கடைசி அத்தியாயத்தில் அவள் கிழவியாகி, அவன் கையைப் பிடித்தபடி செத்துப்போகிறாள். எழுதி முடித்ததும் அவனே அழுதான். தன் எழுத்துக்குத் தானே அழுகிறவன் பெரிய எழுத்தாளனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளூர் வானொலி அதை வாரம் ஒரு பகுதியாக வாசித்தது. அவனை வளர்த்த செர்வா அம்மா உயிரோடுதான் இருந்தாள். வீட்டு முற்றத்தில் மரவள்ளி உரித்துக்கொண்டே அதைக் கேட்டவள் அவனைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா, நான் உன்னைப் பட்டினியா போட்டேன்?"

"அது நீங்க இல்லம்மா. கதையில வர்ற அம்மா."

"அவளும் சந்தையில புகை மீன் விக்கிறா, அவளுக்கும் முன்பல் ரெண்டு இல்ல. அப்புறம் யாருடா அது? ரெண்டு உருண்டை ஃபுஃபு களி தின்னுட்டு மூணாவதுக்கு அழுவியே, அதை எழுதினியா?"

"படிக்கிறவங்க மனசு உருகணும்னா கொஞ்சம் பசி வேணும்மா."

"உன் பசியால சந்தையில ஒருத்தியும் என்கூடப் பேச மாட்டேங்குறா. நாளைக்குப் போய் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லு."

போனான். கடைகடையாக நின்று, அம்மா வயிறாரப் போட்டுத்தான் வளர்த்தாள் என்று சொன்னான். மிளகாய் விற்கும் அபோமா அவன் தொப்பையை நிதானமாகப் பார்த்தாள்.

"இதைச் சொல்லவா வாத்தியாரே இவ்வளவு தூரம் வந்தீங்க? பார்த்தாலே தெரியுதே. அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

"பாவமா இருக்கட்டும்னு."

"யாரைப் பார்த்து?"

"என்னைப் பார்த்துத்தான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கொஞ்சம் பொறுத்து அவனும் சிரித்தான்.

சாயங்காலம் செர்வா அம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள். "நான் சாகிற இடத்தை வாசி. ரேடியோவுல ஊரெல்லாம் கேக்குறதுக்கு முன்னாடி நான் கேட்டுடறேன்."

வெளியீட்டு விழாவில் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், கையை ஆட்டி ஆட்டி, ஓரிடத்திலும் தடுமாறாமல் வாசித்த பகுதி அது. இப்போது இரண்டு வரிக்குள் நிறுத்திவிட்டான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். முடியவில்லை.

"என்னடா, அச்சுப்பிழையா?"

"ஆமாம்மா."

"அப்ப திருத்திட்டு நாளைக்கு வாசி" என்று எழுந்து உள்ளே போனாள்.

அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்ட புத்தகத்தைத் திருத்தி என்ன ஆகப்போகிறது என்று அவன் யோசிக்கவில்லை. பென்சிலை எடுத்து, கிழவி செத்துப்போகும் வரியை அடித்துவிட்டான்.