மடிக்கணினி கேட்ட கேள்வி

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவள் அவள். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாளிலிருந்து, ஐந்து மணி நேரம் தாங்கிய மடிக்கணினி ஒன்றரை மணி நேரத்திலேயே சார்ஜ் இறங்கிப் படுக்கத் தொடங்கியது. வழக்கமாகக் கணினி பழுது பார்க்கும் கடைத் தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"பயப்படாதக்கா. அப்டேட் பண்ணதும் அது உன் பழைய ஃபைல், ஃபோட்டோல இருக்கற முகம் எல்லாத்தையும் முதல்லேர்ந்து பார்த்து அடுக்கிட்டு இருக்கு. ரெண்டு நாள் சார்ஜர்லயே போட்டு வை. சரியாயிடும்."

ஜன்னலோரம் வைத்தாள். மழை மதியம். தொட்டால், தூங்கும் பூனையின் வயிறுபோல வெதுவெதுப்பாக இருந்தது. தன் இருபது வருடங்களை யாரோ பக்கம் பக்கமாகப் புரட்டுவதாக நினைத்தபடியே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது திரையில் இரண்டு முகங்கள். ஒன்று போன மாதம் எடுத்த அவள் படம். மற்றது, பழைய ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்து வைத்திருந்த, அவள் பிறப்பதற்கு முன் எடுத்த அம்மாவின் படம். ‘இருவரும் ஒருவரா?’ என்று கீழே கேட்டிருந்தது.

அவளை அப்பா ஜாடை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அம்மா இறந்த பிறகு, நான்கு வருடங்களாக அம்மாவின் சாயலைக் கண்ணாடியில் தேடித் தேடி ஓய்ந்திருந்தாள்.

தம்பியை மறுபடி அழைத்தாள். "என் படத்தையும் அம்மா படத்தையும் காட்டி ஒரே ஆளான்னு கேக்குது. இதுக்கு இல்லைன்னு சொல்லியே ஆகணுமாடா?"

"சொல்லலேன்னாலும் ஒண்ணும் ஆகாதுக்கா."

அவள் எதையும் அழுத்தவில்லை. அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.